முகத்துவாரத்தில் விழுந்த திருநீறு

ஆயுத பூசையன்று நான் கேமராவுக்குத் திருநீறு பூசுவதில்லை. கேமரா இருக்கும் பைக்குத்தான் பூசுவேன். அதற்கு முன் பை சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். போன வருஷம் பூசைக்கு, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது படம் எடுக்கும் கவிதாவும் அவள் கணவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் பையை இழுத்துப் பார்ப்பதைக் கண்டு கவிதா சிரித்துவிட்டாள்.

"என்ன அங்கிள், சாமி கும்பிடறதுக்குமா செக்கிங்? சாமிகிட்ட பயமாலா?"

சாமியிடம் எனக்குப் பயம் கிடையாது, தூசியிடம்தான் பயம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சுண்டலைத் தின்றுகொண்டே கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தவள், இதை எழுதிக் கொடுங்கள், எங்களைப் போல வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

பேராக்கில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். எனக்கு அந்த வேலை வாய்க்கவில்லை. ஈப்போவுக்கு வந்து ஒரு படக்கடையில் சேர்ந்தேன். தரை கூட்டி, தண்ணீர் பிடித்து, மெல்ல மெல்ல நெகட்டிவைத் திருத்தும் வேலைக்கு வந்தேன். அந்த வேலை இப்போது பலருக்குத் தெரியாது. முகத்தில் பருவோ தழும்போ இருந்தால் அது நெகட்டிவில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அதன்மேல் ஒரு பசைநீரைத் தடவி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்ப வேண்டும். படம் போட்டால் முகம் வழவழவென்று வரும். கல்யாணச் சீசனில் ஈப்போ, காம்பார் வட்டாரத்துப் பெண் மாப்பிள்ளைகள் எத்தனையோ பேருடைய முகம் என் பென்சிலுக்குக் கீழே வந்து போயிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, நான் தொட்ட இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் படப் பிரிவில் இடம் கிடைத்தது. ஆறு, அணை, பாலம், கடற்கரை இவற்றை அளக்கிறவர்களோடு போய்ப் படம் எடுக்க வேண்டும். பிரிவுக்குத் தலைவர் மிஸ்டர் லோ, சீனர். சுங்காயில் அவருடைய தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தோட்டத்து ஆட்களோடு பழகி வளர்ந்தவர் என்பதால் நம்மைவிடச் சுத்தமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். பேச்சில் மரியாதை விகுதி மட்டும் இருக்காது. பெரிய இஞ்சினியர் வந்தாலும் அவருக்கு 'நீ'தான்.

அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. நெகட்டிவை ஈரத்தோடு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மூக்கால் ஏதோ சீனப் பாட்டை முனகிக்கொண்டே பார்ப்பார். படம் நன்றாக இருந்தால் எதுவும் சொல்லாமல் மேசையில் வைப்பார். நன்றாக இல்லையென்றால், ஒற்றை விரலால் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நாமே தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

என் முதல் படத்தையே கவிழ்த்தார். பாகான் செராய்ப் பக்கம் வாய்க்கால் மதகு ஒன்று. நான் படக்கடைக்காரன் அல்லவா, வெள்ளை மேகம் கூடி வரும்வரை காத்திருந்து, மதகின் மேல் மேகம் குடை பிடித்தாற்போல எடுத்திருந்தேன். காப்பி குடித்துவிட்டு வந்தவர் கேட்டார்: "மேகம் அழகு. மதகுல வெடிப்பு எங்க?"

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்த முறையைப் பணி ஓய்வு பெறும்வரை நான் மாற்றவில்லை. முதலில் தரையில் முளை அடித்து அடையாளம் வைக்க வேண்டும். முக்காலியை அந்த முளைமேல்தான் நிறுத்த வேண்டும். அடிக்கு அடி சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய அளவுகோலைப் படத்தில் தெரியும்படி நட வேண்டும். சிலேட்டில் நாள், மணி, இடம், படத்தின் எண் எழுதி ஓரத்தில் வைக்க வேண்டும். ஆள் யாரும் படத்துக்குள் வரக்கூடாது. ஆள் வந்தால் கண் ஆள்மேல்தான் போகும் என்பார். கடைசியாக ஒன்று. அரசாங்க நெகட்டிவ்மேல் பென்சில் படக்கூடாது. என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். அதனால் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு பல வருஷம் என் படங்கள் கவிழவில்லை. வெள்ளத்தில் நின்று எடுத்திருக்கிறேன், லோரி மேல் ஏறி எடுத்திருக்கிறேன். என் அப்பன் முருகன் புண்ணியத்தில் கைக்கு ஒரு நிதானம் வந்திருந்தது. அந்தத் தீவு வேலை என்னிடம் வந்ததும் அதனால்தான்.

தீவின் பெயர் வேண்டாம். பேராக் கரையிலிருந்து மோட்டார்ப் படகில் அரை நாள். மேற்குப் பக்கத்தில் ஒரு காயல் உண்டு. கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு. திட்டின் ஓர் இடத்தில் வாய் திறந்திருக்கும். அந்த முகத்துவாரத்தின் வழியாகத்தான் கடல் உள்ளே வந்து போகும். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே தென்னந்தோட்டம் போட்டு நம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். பிறகு தோட்டத்தைக் கைவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பதினொரு குடும்பம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. காயலில் நண்டும் சிப்பியும் இறாலும் எடுத்துப் பிழைத்தார்கள்.

ஒரு கம்பெனி அந்த முகத்துவாரத்தை அடைத்துக் காயலைக் குளம் குளமாகப் பிரித்துக்கொள்ள மனுப் போட்டிருந்தது. மனுவில் சொல்லியிருந்த காரணம்: வாய் முழுக்கக் கல்லும் மணலும் மூடிவிட்டது, பெரிய அலையேற்றத்திலும் கடல் உள்ளே வருவதில்லை, அது செத்த தண்ணீர். அனுமதி கிடைத்தால் பதினொரு குடும்பமும் தீவை விட்டுப் போக வேண்டியதுதான். தீபாவளிக்கு அடுத்த வாரம் மாவட்ட அதிகாரி விசாரிப்பதாக இருந்தது. கடல் உள்ளே வருகிறதா இல்லையா என்பதற்குப் படம் கேட்டார். ஒரே முளையிலிருந்து, ஒரே நாளில், நீர் வற்றியபோது ஒன்று, ஏறியபோது ஒன்று.

எந்த நாளில் போவது என்று லோ அலையேற்ற அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வீட்டு நாட்காட்டியை மனதில் ஓட்டிப் பார்த்து, பௌர்ணமிக்கு மறுநாள் எடுக்கலாம் என்றேன். அட்டவணையைக் கண்டுபிடித்துப் பார்த்தார். அதே நாள்தான். "உங்க சாமி காலண்டர் காசு போட்டு வாங்கலாம்லா," என்றார்.

பௌர்ணமிக்கு ஐந்தாறு நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது. வழக்கம்போலக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, பூசையறையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பதினொரு குடும்பத்தின் காரியமாயிற்றே என்று மனசில் ஒரு பாரம். வெளியே பூசுகிற திருநீறு கடல்காற்றில் அழிந்துவிடும், உள்ளே இருந்தால் நிற்கும் என்று தோன்றியது. பின்மூடியைத் திறந்தேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூடியின் உள்பக்கம் மூன்று கோடு மெல்லிசாக இழுத்தேன். காய்ந்த பிறகு மூடினேன். அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல்நாள் சாயங்காலமே தீவில் இறங்கியபோது கரைக்கு வந்தவர் அமிர்தம் அக்கா. ஐம்பது வயசிருக்கும். புருஷன் இறந்தபின் தனியாகச் சம்பான் படகு தள்ளி நண்டுக்கூடு போடுகிறவர். அங்கே எல்லாருக்காகவும் பேசுகிறவர் அவர்தான். கேமராப் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கம்பெனி ஆள் எடுத்துப் போன படத்தில் காயலே இல்லை, மணல் மட்டும்தான் இருந்தது என்றார்.

"செத்த தண்ணியாம். நான் தினம் சோறு திங்கிறேன் தம்பி, அந்தத் தண்ணியில. செத்ததுல எவனாச்சும் சோறு திம்பானா?"

காயலை நான் முதலில் பார்த்தது மறுநாள் காலை எட்டு மணிக்கு. நீர் வற்றிக் கிடந்தது. சேறு மினுங்கியது. கண்டல் மரத்து வேர்களெல்லாம் விரல் ஊன்றி நின்றன. வெள்ளைக் கொக்குகள் கணக்கில்லாமல் இறங்கியிருந்தன. முகத்துவாரத்தில் முட்டி அளவுத் தண்ணீர் ஓடியது. கல் ஒன்றும் இல்லை, மணல்தான். கிழக்குக் கரையில் ஒரு பாறைமேல் முளை அடித்தேன். அளவுகோலை அமிர்தம் அக்கா முகத்துவாரத்தின் நடுவே நட்டுக்கொடுத்தார். ஒரு சுருள் ஃபிலிம் எடுத்தேன். மதியத்துக்குமேல் கடல் ஏறியது. நம்பவே முடியாது, காலையில் நான் நடந்து பார்த்த இடத்தில் கோலின் ஏழாவது அடியும் மூழ்கிவிட்டது. காயல் விளிம்புவரை நிறைந்து, தென்னைமரங்கள் தலைகீழாக உள்ளே நின்றன. வெயில் எதிரே வந்ததால் லென்சுக்குமேல் தொப்பியால் நிழல் பிடித்து இன்னொரு சுருள் எடுத்தேன். கோடி கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஈப்போவில் மறுநாள் சுருளைக் கழுவித் தூக்கிப் பிடித்தேன். காலைச் சுருளில் அங்கங்கே ஒன்றிரண்டு புள்ளி. பரவாயில்லை. மத்தியானச் சுருளை இரண்டு தடவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் கொத்துக் கொத்தாக வெளிச்சப் புள்ளி. படகின் அதிர்விலும் வெயிலிலும் மூன்று கோடும் முக்கால்வாசி உதிர்ந்து ஃபிலிம்மேல் கொட்டியிருக்கிறது. படம் போட்டுப் பார்த்தேன். நெகட்டிவில் வெளிச்சப் புள்ளி என்றால் படத்தில் கறுப்பு. விழுந்த இடத்தைப் பாருங்கள், முகத்துவாரத்தின் குறுக்கே, அளவுகோலைச் சுற்றி. தண்ணீருக்குமேல் கல்கல்லாகத் தலை நீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கம்பெனிக்காரன் மனுவில் எழுதியதை என் கேமராவே வரைந்து கொடுத்துவிட்டது.

லோ அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய படக்கடைப் பென்சில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்து உப்புத்தாளில் தேய்த்துச் சீவினேன். மொத்தம் அறுபது எழுபது புள்ளி. இரண்டு மணி நேர வேலை. கடவுளுக்குத் தெரியும், அங்கே கல் கிடையாது. இல்லாததை நான் அழிக்கப் போகிறேன், இதில் பாவம் என்ன?

பசைநீர் தடவி ஒரு புள்ளியை நிரப்பினேன். அது போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோலப் போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நான் நிரப்பியதைத் துடைத்தேன். புள்ளி திரும்ப வந்தது.

மறுநாள் காலையில் லோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பென்சில் எடுத்ததையும் சேர்த்து. மூக்கால் பாடுவதை நிறுத்திவிட்டு, கேமராவின் பின்மூடியைத் திறந்து, மிச்சமிருந்த வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு நெசமாவே கல்லு இருக்கும். அதையும் எடுத்துடுவியா?"

கோல் ஏழடி காட்டுகிறதே, அது போதாதா என்று மெதுவாகக் கேட்டேன். கல்லுக்கு நடுவே குழி பார்த்துக் கோலை நட்டான் என்பார்கள் என்றார். அது சரிதான். பிறகு ஒற்றை விரலால் படத்தைக் கவிழ்த்தார். ஆனால் காப்பி குடிக்கப் போகவில்லை. "அடுத்த பெரிய தண்ணி எப்ப?"

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அமாவாசை. அந்த வருஷம் அமாவாசையும் தீபாவளியும் ஒரே நாளில் விழுந்திருந்தன. அடுத்த பௌர்ணமிவரை காத்திருந்தால் விசாரணை முடிந்துவிடும். வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். நான் கொட்டியதை நான்தான் கூட்ட வேண்டும் என்றேன்.

வீட்டில் என் மனைவி சரோஜாவிடம் சொன்னபோது அதிரசம் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"பண்டிகையன்னிக்கு வீட்டு ஆம்பள இல்லன்னா, வர்றவங்களுக்கு நான் என்னங்க சொல்றது?"

"திருநீறு கொட்டிடுச்சு, அள்ளப் போயிருக்காருன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது என் பையில் ஒரு டின் நிறைய முறுக்கும் அதிரசமும் இருந்தன. பதினொரு வீட்டுக்கும் பங்கு வைத்துக் கொடுங்கள் என்றாள். லோ கேமராவைத் தானே மெல்லிய தூரிகையால் மூன்று தடவை துடைத்து, பையில் வைத்து, மூடிக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

தீவில் இறங்கியதும் அமிர்தம் அக்கா கேட்ட முதல் கேள்வி, எதற்குத் திரும்பி வந்தாய் என்பதுதான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. மணலில் உட்கார்ந்து முழுதும் சொன்னேன். அவர் வைத்தகண் வாங்காமல் கேட்டார். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டாயே என்று திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"ஏன் தம்பி, முருகனுக்கு நெத்தியில எடம் இல்லன்னா அவர மூட்டைக்குள்ள வெச்சே?" என்றார். "அவரு என்ன பண்ணுவாரு, இருட்டுல உக்கார முடியாம எறங்கி நடந்துட்டாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அதற்குப்பிறகு தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். இந்தத் தடவையும் தப்பினால் சொல்லிவிடு, சாமான் கட்டத் தொடங்கிவிடுகிறோம், கடைசி நேரத்தில் சொல்லாதே என்றார். அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தீபாவளி விடிந்தது. வேலைக்கு நேரமாகிறது என்றால் யாரும் கேட்கவில்லை. எண்ணெய் வைக்காமல் பாறைமேல் ஏறக்கூடாது என்று என் தலையில் நல்லெண்ணெய் வைத்து, கிணற்றடியில் குளிக்க வைத்துத்தான் விட்டார்கள். காலைப் படம் சுத்தமாக முடிந்தது. மதியத்துக்குமேல் கிழக்கே மேகம் கறுக்கத் தொடங்கியது. ஐப்பசி மாதம், மழை வரத்தான் செய்யும். நீர் ஏறிக்கொண்டிருந்தது, மேகமும் ஏறிக்கொண்டிருந்தது. கோலில் நாலடி. ஐந்தடி. மேகம் என் தலைக்குப் பின்னால் வந்துவிட்டது. சிலேட்டில் மணியை அழித்து அழித்து எழுதினேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று எடுத்துவைத்தேன், மழை வந்துவிட்டால் இருப்பதாவது இருக்கட்டும் என்று. ஏழாவது அடி மூழ்கியபோது வெளிச்சம் மீட்டரில் பாதியாகக் குறைந்திருந்தது. மூச்சைப் பிடித்து நாலு படம் எடுத்தேன்.

சுருளில் இன்னும் ஒரே ஒரு படம் மிச்சம். அப்போது பார்த்தால், புதுச் சேலையோடு அமிர்தம் அக்கா சம்பானைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரத்துக்குள் போகிறார். நடு வாயில் நின்றார். துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கினார். துடுப்பு முழுதும் போய், அவர் கையும் முழங்கைவரை போய்விட்டது. அங்கிருந்து கத்தினார்: "கோலு பொய் சொல்லும்னு சொன்னியே! இதப் புடி!"

ஆள் வரக்கூடாது என்பது விதி. நான் பிடித்தேன். ஷட்டரை அழுத்திய கையோடு முதல் தூறல் சிலேட்டில் விழுந்தது.

விசாரணை நாளன்று எனக்கும் லோவுக்கும் அழைப்பு. மாவட்ட அதிகாரி மலாய்க்காரர், வயசானவர், பேச்சு குறைவு. எல்லாரும் அவரை மரியாதையாகத் துவான் என்றார்கள். கம்பெனி சார்பில் வந்தவரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. செல்லப்பா என்று பெயர் சொன்னார். படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதிகாரியிடம் மலாயில் சொன்னார்: துவான், இந்த ஆளை எனக்குத் தெரியும். என் கல்யாணப் படத்தைத் திருத்தியவர் இவர்தான். எனக்கு அம்மை போட்ட முகம், துவானே பார்க்கிறீர்கள். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் ஒரு வடு இருக்காது. என் மாமியாரே இது யார் என்று கேட்டார்கள். முகத்தில் இத்தனை குழியை மறைத்தவருக்குத் தண்ணீரில் நாலு கல்லை மறைப்பது பெரிய வேலையா?

அறையில் சிரிப்பு. அதிகாரியும் லேசாகச் சிரித்தார். பிறகு படத்தை மேசையில் வைத்துவிட்டு, உண்மையா என்று என்னைக் கேட்டார். கல்யாணப் படம் உண்மைதான் என்றேன். வாசல் பக்கம் அமிர்தம் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முகம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷம் எந்த வேலையில் பெயர் எடுத்தேனோ, அந்தப் பெயரே இப்போது அவர்கள் வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறது.

லோ தன் உறையிலிருந்து இன்னொரு கட்டு எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். முதல் பயணத்தின் நெகட்டிவ்களும், அவற்றிலிருந்து புதிதாகப் போட்ட படங்களும். அவர் அவற்றைக் கொண்டு வந்தது எனக்கே தெரியாது. அதிகாரி ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, இதென்ன புள்ளி என்று கேட்டார். லோ என்னைக் காட்டி, அவன் சொல்லுவான் என்றார்.

எழுந்து நின்றேன். திருநீறு, துவான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாமியின் சாம்பல், எங்கள் பூசையில் ஆயுதங்களுக்குப் பூசுவோம், நான் கேமராவுக்கு உள்ளே பூசிவிட்டேன் என்றேன். வாசல் பக்கம் யாரோ இருமினார்கள். அதிகாரி கேட்டார்: இதை நீ பென்சிலால் நிரப்பியிருக்கலாமே?

"நிரப்பலாம், துவான். ஒரு புள்ளியை நிரப்பினேன். அப்புறம் துடைத்துவிட்டேன்."

செல்லப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் புள்ளி என்று அதிகாரி கேட்டார். ஒன்பதாம் எண் நெகட்டிவை எடுத்து இடத்தைக் காட்டினேன். பூதக்கண்ணாடி வரவழைத்துப் பார்த்தார். புள்ளி அங்கே இருந்தது, மற்ற எல்லாவற்றையும்போல. வெகுநேரம் பார்த்தார். பிறகு புள்ளி விழுந்த படத்தையும் தீபாவளியன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே பாறை, அதே தென்னை, அதே கோல், அதே ஏழடி. தீபாவளிப் படத்தில் கல் மட்டும் இல்லை. முதல் பயணத்துப் படங்களையே வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கல் ஒவ்வோர் இடத்தில். கல் நடக்காது என்றார் அதிகாரி, செல்லப்பாவைப் பார்த்து.

கடைசியாக அமிர்தம் அக்காவின் படத்தை எடுத்தார். சேலையோடு சம்பானில் நின்று, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, கேமராவை முறைக்கிற படம். இந்த அம்மா வந்திருக்கிறாரா என்று கேட்டார். வாசலிலிருந்து கை உயர்ந்தது. அவர் அந்தப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கோப்பை மூடினார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. முகத்துவாரத்தை அடைக்க அனுமதியில்லை. பதினொரு குடும்பமும் அங்கேயே இருந்தன. எண்பதுகளில் நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதும் அமிர்தம் அக்கா நண்டுக்கூடு போட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்குத் தெரிந்து கடல் இன்றைக்கும் அந்த வழியாக உள்ளே வந்துதான் போகிறது.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது செல்லப்பா என்னிடம் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். தோளைத் தட்டி, "வேலு அண்ணே, ஒங்க சாமி எங்க கம்பெனிக்குத்தான்லா வேல செஞ்சாரு. நீங்கதான் கெடுத்துட்டீங்க," என்றார். நல்ல மனுஷன். பிறகு பல தடவை சந்தித்திருக்கிறோம்.

அன்று சாயங்காலம் ஈப்போ அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தோம். கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுக்கொண்டேன். காலையில் பூசிய திருநீறு வியர்வையில் பாதி போயிருந்தது. போனால் என்ன, நாளைக்குக் காலையில் மறுபடி பூசிக்கொள்ளலாம். அதற்கான இடம் நெற்றிதான்.

லோ தன் மேசைக்குப் போனார். மூன்று வாரத்துக்குமுன் கவிழ்த்து வைத்த படம், புள்ளி விழுந்த அந்தப் படம், இன்னும் அப்படியே கிடந்தது. கூட்டுகிறவர்கூட அதைத் தொட்டிருக்கவில்லை. லோ மூக்கால் எதையோ முனகிக்கொண்டு, ஒற்றை விரலால் அதை மல்லாத்தி வைத்தார். காப்பி குடிக்கப் போய்விட்டார்.